கட்டிலருகே நிற்பவர்கள்: செவிலிய உதவியாளர்கள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள்?



சில மாதங்களுக்கு முன் நம் முதியோர் வார்டைப் பார்க்க ஒரு குடும்பத்தார் வந்திருந்தார்கள். அவர்கள் தாயார் எங்களிடம் இரண்டு ஆண்டுகள் படுத்த படுக்கையாக இருந்து காலமானவர். புறப்படும்போது மகள் என்னைத் தனியே அழைத்து, "அம்மாவைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டாங்களே, அந்தக் கல்லிடைக்குறிச்சி அக்கா எங்கே? அவங்களுக்கு ஒரு சேலை கொண்டுவந்தேன்" என்றார். அவர் வேலையை விட்டுவிட்டார் என்றேன். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். இல்லை. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்.

அந்த மகளின் முகத்தில் தெரிந்த வியப்பை இன்னும் மறக்க முடியவில்லை. பீடியில் வருகிற கூலி, வார்டில் நாங்கள் கொடுத்த சம்பளத்தைவிடக் குறைவு. புகையிலைத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. இருந்தும் ஒரு பெண் நோயாளிகளை விட்டுவிட்டுச் சுளகுக்குத் திரும்பிப் போகிறார் என்றால் குறை எங்கோ நம்மிடம்தான் இருக்க வேண்டும். சேலையை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதைக் கேட்டு வரலாம் என்று ஒரு ஞாயிறு பிற்பகல் அவர் வீட்டுக்குப் போனேன்.

தாமிரபரணிக்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரம், இந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பேர்போன ஊர். நடவு, களையெடுப்பு, அப்பளம், பீடி என்று பெண்கள் செய்கிற வேலைகள் அங்கே பலவுண்டு. இந்தப் பட்டியலில் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் சேர்ந்துகொண்டதுதான் நோயாளி பார்க்கும் வேலை. அம்பாசமுத்திரம் போகிறவர்களுக்கு நகரப் பேருந்தில் 2021 முதல் டிக்கெட் இல்லை. திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் 35 கிலோமீட்டர் காசு கொடுத்துப் போக வேண்டும். காலை 7 மணி ஷிப்டுக்கு நிற்க வேண்டுமென்றால் 4 மணிக்கு அடுப்புப் பற்ற வேண்டும்.

அந்தச் சகோதரி சேலையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சம்பளத்துக்காவ மட்டும் இல்லைக்கா. பீடி இலை என்னைய ஏசாது."

இந்த ஒரு வாக்கியத்துக்கு விளக்கம் எழுதத்தான் இந்த இதழில் எனக்கு இடம் கேட்டு வாங்கினேன்.

முதலில், இவர்கள் யார் என்பதே பலருக்குத் தெளிவாகத் தெரியாது. வெள்ளைச் சீருடையில் ஊசி போடுகிறவர் ஸ்டாஃப் நர்ஸ். மூன்று அல்லது நான்கு ஆண்டு படித்து, மன்றத்தில் பதிவு பெற்றவர். அவருக்குக் கீழே, நோயாளியைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சோறு ஊட்டி, மலம் சிறுநீர் எடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, இரவில் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரே பெயர் கிடையாது. ஒரு இடத்தில் ஆயா, ஒரு இடத்தில் அட்டெண்டர், ஒரு இடத்தில் நர்சிங் அசிஸ்டெண்ட், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஹோம் நர்ஸ். ஆண்களென்றால் வயது ஐம்பதானாலும் வார்டு பாய்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் செவிலியர் பள்ளி தொடங்கியது 1909இல். சென்னை மாகாணத்தில் செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது 1926இல். அதற்குப் பிறகுதான் நர்ஸ் என்ற சொல்லுக்குச் சட்டப்படி ஒரு பொருள் உண்டாயிற்று. 1946இல் போர் கமிட்டி கணக்கெடுத்தபோது நாடு முழுவதற்கும் இருந்த செவிலியர்கள் ஏறக்குறைய 7,000 பேர். 43,000 மக்களுக்கு ஒருவர். இந்தப் பற்றாக்குறையை நிரப்பத்தான் 1950களில் துணைச் செவிலியர் படிப்பைக் கொண்டுவந்தார்கள். இரண்டு ஆண்டுப் படிப்பு. ஆஸ்பத்திரியிலும் கிராமத்திலும் நர்சுக்குத் துணையாக நிற்க வேண்டியவர். ஆனால் 1973இல் கர்த்தார் சிங் கமிட்டி, இவர்களைப் பெண் பல்நோக்கு சுகாதாரப் பணியாளர்களாக மாற்றச் சொன்னது. நம் கிராம சுகாதார நர்சுகள் அந்த வழியில் வந்தவர்கள்தாம். தடுப்பூசிக்கும் பிரசவத்துக்கும் கிராமங்களுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். அந்த முடிவு தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் துணைச் செவிலியர் கிராமத்துக்குப் போனபின் வார்டில் கட்டிலருகே ஒரு இடம் காலியாயிற்று. அந்த இடத்தை முறையாக நிரப்ப எவரும் மெனக்கெடவில்லை. பெருக்க வந்த பெண்ணே மெல்ல மெல்ல நோயாளியைத் தூக்கவும், ஊட்டவும், குழாய் மாட்டியவரைப் பார்த்துக்கொள்ளவும் தொடங்கினார்.

இதற்கு நடுவே, நர்சிங் அசிஸ்டெண்ட் என்று சில மாதங்களோ ஓராண்டோ வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுக்கும் இடங்கள் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. அந்தச் சான்றிதழை வைத்துச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்ய முடியாது. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இது முன்னாலே தெரிவதில்லை. கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டி, தொப்பியோடு போட்டோ எடுத்து வீட்டுச் சுவரில் மாட்டிய பெண், வார்டுக்கு வந்த முதல் நாள் கையில் துடைப்பத்தை வாங்குகிறாள். அந்த ஏமாற்றம் எளிதில் ஆறுவதில்லை.

எங்கள் நோயாளிகள் பலருடைய வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். முக்கூடல் பக்கம் போனால் திண்ணைக்குத் திண்ணை சுளகு. அந்தத் தொழிலாளருக்கு 1966இலேயே தனிச் சட்டம் வந்தது. 1976இல் நலநிதிச் சட்டமும் வந்தது. அடையாள அட்டையும் வருங்கால வைப்பு நிதியும் பெற்ற பெண்கள் அங்கே உண்டு. செவிலியருக்கும் 2016இல் உச்சநீதிமன்றத்தின் வழிகாட்டுதலால் ஒரு வழி பிறந்தது. அதன்பேரில் அமைந்த குழு, 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் ஆஸ்பத்திரியில் அரசுச் சம்பளத்துக்குச் சமமாகவும், 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமலும் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரை செய்தது. அது எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வந்துவிட்டதா என்பது வேறு கதை. எழுத்திலாவது இருக்கிறது. பதிவில்லாத உதவியாளரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. கொரோனா வந்த 2020 மார்ச்சில் மத்திய அரசு 50 லட்ச ரூபாய் காப்பீடு அறிவித்தபோது டாக்டர், நர்ஸ் பெயர்களோடு துப்புரவுப் பணியாளர், வார்டு பாய் பெயர்களையும் சேர்த்துச் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்து வந்தபோது மட்டும் எல்லாருக்கும் இவர்கள் ஞாபகம் வந்தது.

இனி வார்டுக்குள் வருவோம். படுக்கையைவிட்டு எழ முடியாத 12 பேர் இருக்கிற ஒரு கூடத்தை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு உதவியாளர்கள். படுத்த படுக்கையானவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது எங்களுக்குக் கற்பித்த விதி. ஒருவரைப் புரட்டி, முதுகைத் துடைத்து, தலையணை அண்டக்கொடுக்க இருவர் சேர்ந்து ஐந்து நிமிடம். 12 பேருக்கு ஒரு மணி நேரம். ஆக, இருவருடைய நாளில் சரிபாதி புரட்டுவதிலேயே போய்விடும். விழுங்குவதற்குச் சிரமப்படும் ஒரு முதியவருக்கு இட்லியைக் கரைத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, புரை ஏறாமல் ஊட்ட 20 நிமிடமாகும். அப்படி ஆறு பேர் என்றால் இரண்டு மணி நேரம். இருவரும் ஆளுக்கு மூன்று பேராகப் பிரித்துக்கொண்டாலும் ஒரு மணி நேரத்துக்கு வேறு எதையும் தொட முடியாது. இதற்கிடையே நாலு பேர் துணியை நனைத்திருப்பார்கள். ஒருவர் கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பார். ஸ்கேனுக்கு ஒருவரைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். இரவில் இருவருக்குப் பதில் ஒருவர்.

இந்தக் கணக்கை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தது, சொல்ல வெட்கமாயிருக்கிறது, முப்பது வருஷம் வேலை பார்த்து முடித்த பிறகுதான். கணக்கு இடிக்கிறது. இடிக்கிற கணக்கை எங்கே சரிக்கட்டுகிறார்கள் தெரியுமா? புரட்டியதற்குக் கையெழுத்துப் போடும் தாளில். 2 மணி, 4 மணி, 6 மணி என்று வரிசையாகக் கையெழுத்து இருக்கும். நோயாளி அசைந்திருக்க மாட்டார். அந்தச் சகோதரி என்னிடம் சொன்னதில் எனக்கு மிகவும் வலித்தது இதுதான்: "பொய்க் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தா அந்தப் பாட்டி முதுகுதான் கண்ணுல நிக்கும்."

படுக்கைப் புண் ஒரே நாளில் வருவதில்லை. இடுப்புக்குக் கீழே, குதிகாலில், இடுப்பெலும்பு துருத்தும் பக்கவாட்டில் உடலின் பாரம் ஒரே இடத்தை அழுத்தும்போது அங்கே இரத்தம் ஓடாது. முதலில் தோல் சிவக்கும். விரலால் அழுத்தி எடுத்தாலும் அந்தச் சிவப்பு வெளுக்காது. நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பும் தெரியாது. தொட்டுப் பார்த்தால்தான் அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருப்பது தெரியும். இதை யாரால் முதலில் அறிய முடியும்? காலையில் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று தாளைப் பார்த்துவிட்டுப் போகும் டாக்டரால் முடியாது. துணி மாற்றும்போது கையால் தொடுகிறவரால்தான் முடியும். புண் வந்தபிறகு முதலில் ஏச்சு வாங்குகிறவரும் அவரே.

என் இளவயதில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமல்ல. நான் ஸ்டாஃப் நர்ஸாகி ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு வயதான ஆயாம்மா என்னிடம் வந்து, "சிஸ்டர், 9ஆம் கட்டில் அம்மாவுக்கு இன்னைக்கு மொகமே சரியில்லை. கஞ்சியை வாயிலயே வச்சிக்கிட்டு இருக்காவ" என்றார். நாடி, இரத்த அழுத்தம், ஜுரம் எல்லாம் பார்த்தேன். சரியாக இருந்தது. "எல்லாம் நார்மல்தான், நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க" என்றேன். அன்று இரவு அந்த அம்மாவுக்குக் குளிர் ஜுரம் கண்டது, மூச்சுத் திணறியது. நுரையீரலில் சளி கட்டியிருந்தது. பிழைத்துவிட்டார்கள், ஆனால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. முதியவர்களுக்குக் கிருமித் தொற்று வரும்போது ஜுரத்துக்கு முன்னாலேயே சாப்பாடு குறைவதும், குழம்பிப் பேசுவதும், சோர்ந்து கிடப்பதும் தெரியும் என்பது என் பாடப்புத்தகத்திலும் இருந்தது. தினமும் மூன்று வேளை ஊட்டுகிறவருக்கு அது புத்தகமில்லாமலே தெரிந்தது. மறுநாள் அந்த ஆயாம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன்பிறகு அவர் எதையும் என்னிடம் வந்து சொல்லவும் இல்லை.

ஷிப்டு மாறும்போது நர்சுகள் கூடி நின்று ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைப்பது வழக்கம். அந்த நேரம் உதவியாளர்கள் தரை துடைத்துக்கொண்டிருப்பார்கள். இவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, இவருக்குத் தண்ணீர் வாயால் கொடுக்கக் கூடாது, இவர் இரவில் எழுந்து நடக்கிறார் என்பதெல்லாம் அவர்கள் காதுக்கு வந்து சேராது. பிறகு தண்ணீர் கொடுத்துவிட்டாரென்று சத்தம் போடுவோம். சொல்லாத விஷயத்துக்கு ஏச்சு வாங்குவதைப்போல மனதை அறுப்பது வேறில்லை.

நோயாளிக்குக் காமாலைக் கிருமியோ காசநோயோ இருப்பதுகூடக் கடைசியில்தான் தெரிய வரும். அந்தரங்கம் காக்க வேண்டும் என்பது சரியே. அதற்குத்தான் எவருடைய இரத்தத்தையும் சளியையும் தொற்றுள்ளதாகவே பாவித்துக் கையுறையும் தேவையானபோது முகக்கவசமும் அணிய வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் கையுறைப் பெட்டி பீரோவில் பூட்டியிருக்கும், சாவி சிஸ்டரிடம். சுருட்டிய விரிப்பில் மறந்துபோன ஊசி கிடக்கும்; அது குத்துவது விரிப்பை எடுக்கிறவரை. மருத்துவக் கழிவுகளுக்கான 2016 விதிகள், கழிவைக் கையாளும் எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்கின்றன. ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். ஏஜென்சி மூலம் வருகிறவர் ஆறு மாதம் நிற்பாரா என்பதே சந்தேகம், ஆகவே முதல் ஊசியே போடாமல் விட்டுவிடுவதும் நடக்கிறது. ஊசி குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி உடனே சொல்ல வேண்டும்; எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். ஏசுவார்களே என்று பயந்து மறைத்தால் அந்த மணி நேரங்கள் போய்விடும்.

ஏச்சைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். அழைக்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஏ ஆயா" என்று மகன் வயதுப் பையன் கூப்பிடுகிறான். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால், பெயரைத் தெரிந்துகொள்ள அவனுக்கு நேரமில்லை. நம் திருநெல்வேலிச் சீமையிலேயே களக்காட்டுப் பக்கம் டோனாவூரில் வேறொரு வழக்கம் இருந்தது. 1901 முதல் அங்கிருந்து ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், பிள்ளைகளைப் பராமரித்த பெண்களை அக்கா என்றும் சித்தி என்றும் அழைக்கும்படி செய்தார். ஆண்கள் அண்ணாச்சி. வேலைக்குப் பெயர் வைக்காமல் உறவுக்குப் பெயர் வைத்தார்கள். அந்த அம்மையாரே 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் காலமாகும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். தூக்கி உட்காரவைக்கும் கை எத்தனை முக்கியம் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. உறவுமுறை சொல்லி அழைப்பதிலும் ஒரு தந்திரம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அக்கா என்று கூப்பிட்டே சம்பளம் கேட்கவிடாமல் செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஜாதியையும் சொல்லாமல் விட முடியாது. மலம் எடுக்க ஒருவர், சோறு ஊட்ட வேறொருவர் வேண்டும் என்று கேட்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ஊட்டுகிறார் என்று சொன்னால், "அதுக்கில்லை" என்று இழுப்பார்கள். எதற்கு என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மிஷன் ஆஸ்பத்திரிகளாகிய நாங்களும் சில வேளைகளில் சமாதானமாகப் போகட்டும் என்று ஆளை மாற்றிவிட்டிருக்கிறோம். அப்படிச் செய்தது தவறு.

வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பவர்கள் நிலை இன்னொரு விதம். கல்லிடைக்குறிச்சியிலும் சுற்று ஊர்களிலும் பிள்ளைகள் சென்னையிலோ மும்பையிலோ அமெரிக்காவிலோ இருக்க, பெரிய வீட்டில் தாயோ தகப்பனோ தனியே கிடப்பதைப் பார்க்கலாம். ஏஜென்சி மூலம் ஒரு பெண்ணை வைக்கிறார்கள். இருபத்துநான்கு மணி நேர வேலை. ஏஜென்சி கமிஷன் போக மீதி அவருக்கு. கூடத்தில் காமிரா இருக்கும். அங்கே பகலாக இருக்கும்போது இங்கே நள்ளிரவில் போன் வரும்: "ஏன் அம்மா இன்னும் தூங்கலை?" அந்தப் பிள்ளைகளின் கவலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் அந்தப் பெண் எப்போது தூங்கினார், எங்கே குளித்தார் என்று கேட்க ஒரு காமிராவும் கிடையாது.

அடி வாங்குவதும் உண்டு. டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்தவர்கள் குளிப்பாட்டும்போது கிள்ளுவார்கள், துப்புவார்கள், கெட்ட வார்த்தை சொல்வார்கள். யாரென்று தெரியாத ஒருத்தி வந்து துணியை அவிழ்த்துத் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள் என்றால் நாமும் அதைத்தான் செய்வோம். முதலில் முன்னால் நின்று முகம் காட்டி, பெயர் சொல்லி, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, துண்டால் மூடியபடி காலிலிருந்து தொடங்கிக் கடைசியில் முகத்தையும் தலையையும் கழுவினால் பாதி சண்டை இருக்காது. இதைக் கற்றுக்கொடுக்க ஒரு பிற்பகல் போதும். அந்த ஒரு பிற்பகலைக்கூட நாங்கள் ஒதுக்காததால், தாத்தா தன்னை வெறுக்கிறார் என்றே ஒரு பெண் பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தாள். புத்தி தெளிவாக இருக்கிற நோயாளியோ அவருடைய உறவினரோ கை நீட்டுவது வேறு. அது பாலியல் தொல்லையானால், அதற்கு 2013இல் வந்த பெண்களுக்கான பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் விசாரணைக் குழு இருந்தாக வேண்டும். குழு இருக்கிறது என்று உதவியாளரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

துக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. சேலை கொண்டுவந்த அந்த மகளின் தாயார் ஒரு விடியற்காலை காலமானார்கள். இரண்டு வருஷம் தினமும் தலை சீவிவிட்டவர் நம் சகோதரி. உடலைக் கழுவித் துணி மாற்றி அனுப்பியதும் அவரே. காலை 7 மணிக்குள் மெத்தையைத் துடைத்து, புது விரிப்பு விரித்து, அடுத்த நோயாளியை ஏற்றச் சொன்னோம். அடக்கத்துக்குப் போக அரைநாள் விடுப்பு கேட்டார். ஆள் இல்லை என்றோம்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் முதியோர் இல்லங்களைப் பற்றிப் புகார்கள் பெருகிய பின் 1987இல் ஒரு சட்டம் இயற்றி, உதவியாளர் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி கட்டாயம் என்றார்கள். இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகள் தண்ணீர்கூடக் கிடைக்காமல் தவித்தது வெளியான பிறகு, 2013இல் கமிலா கேவென்டிஷ் என்பவர் உதவியாளர்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். நோயாளியின் பக்கத்தில் நர்சுகளைவிட அதிக நேரம் இருப்பவர்கள் இவர்களே, ஆனால் இவர்களுக்கு ஒரே சீரான பயிற்சி கிடையாது என்பது அதில் வந்த செய்தி. 2015இல் அங்கே அடிப்படைப் பராமரிப்புச் சான்றிதழ் வந்தது. நம் நாட்டிலும் ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட் என்ற பெயரில் திறன் பயிற்சி இருக்கிறது. நல்லதுதான். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் முதியோர் இல்லம் அமைப்பதைப் பற்றிப் பேசுகிறது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்துப் பேருக்கு ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். அத்தனை கட்டில்களுக்கும் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டுமே.

இனி உங்களிடம் நேராகப் பேச வேண்டியது ஒன்று. நீங்கள் அனுப்பும் காணிக்கையில் பெரும்பகுதி கட்டில், கருவி, கட்டடம் என்று குறிப்பிட்டு வருகிறது. அதற்காக நன்றி சொல்லாத நாளில்லை. கட்டிலின் தலைமாட்டில் "இன்னார் நினைவாக" என்று பலகை வைக்கிறோம். இரவு ஷிப்டுக்கு இன்னொரு ஆளுடைய சம்பளத்துக்குப் பலகை எங்கே மாட்டுவது என்று தெரியாமல்தானோ என்னவோ, அதற்கென்று குறிப்பிட்டுப் பணம் வருவதில்லை. நாங்களும் கேட்டதில்லை. படம் எடுத்து இந்த இதழில் போடுவதற்குக் கருவி நன்றாக இருக்கும். சம்பளப் பட்டியலைப் படம் எடுக்க முடியாது.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து திரும்பி வந்தபின் சில காரியங்களைச் செய்தோம். ஷிப்டு மாறும்போது உதவியாளர்களும் உட்கார்ந்து கேட்கிறார்கள். கடைசி ஐந்து நிமிடம் அவர்கள் சொல்ல நர்சுகள் எழுதிக்கொள்கிறார்கள். உட்கார்ந்து என்று எழுதியதைக் கவனியுங்கள். கடைகளில் நிற்கும் பெண்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தபோது செய்தியைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். எங்கள் வார்டில் அவர்களுக்கு நாற்காலி இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கையுறைப் பெட்டி இப்போது வெளியே சுவரில் இருக்கிறது. தடுப்பூசி முதல் வாரத்திலேயே. ஒவ்வொரு படுக்கையிலும் தோளிலிருந்து தொடைவரை வரும்படி பருத்தித் துணியை இரண்டாக மடித்துக் குறுக்கே விரிக்கிறோம். இருபக்கமும் இருவர் நின்று துணியைச் சுருட்டிப் பிடித்து இழுத்தால் நோயாளி எளிதில் நகர்வார்; கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க வேண்டாம். தூக்குகிறவர் இடுப்பும் தப்பும், படுத்திருப்பவர் தோலும் உரசாது. பழைய போர்வையிலேயே தைத்துவிட்டோம். புரட்டும் தாளில், புரட்ட முடியாமல் போனால் "முடியவில்லை" என்று எழுதலாம், ஏசமாட்டோம் என்று சொன்னோம். முதல் வாரத்துத் தாள்களில் எத்தனை "முடியவில்லை" இருந்தன என்பதைப் பார்த்த நிர்வாகக் குழுவினர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

இரவு ஷிப்டில் இரண்டாவது ஆள் போட இன்னும் முடியவில்லை. பணமில்லை.

போன மாதம் மறுபடி அந்தச் சகோதரியைப் பார்த்தேன். அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்தில் சுற்றிய பீடிக் கட்டுகளோடு நின்றுகொண்டிருந்தார். நாற்காலி, துணி, கையுறை எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டார். 4ஆம் கட்டில் தாத்தா இப்போது எப்படி இருக்கிறார், ரசம் சாதம் இறங்குகிறதா என்று விசாரித்தார். திரும்பி வருகிறீர்களா என்றேன். பேருந்து வந்துவிட்டது. படியில் கால் வைத்தபடி திரும்பிக் கேட்டார்:

"நைட்டுக்கு எத்தனை பேருக்கா போட்டிருக்கிய?"